பதினாறு காக்கை முகமூடிகள்

ஜூலை 1, செவ்வாய்

பொருளடக்கம் எழுதாமல் நான் எந்த வேலையையும் தொடங்கியதில்லை. இந்த நோட்டில் வரப்போவது:

1. பேத்தி நிறைமதிக்கு இம்மாதம் 27, ஞாயிற்றுக்கிழமை ஐந்து வயது நிறைகிறது. விழா ஏற்பாடு என்னிடம் வந்து சேர்ந்த விதம்.
2. விழாவுக்கு அவள் கேட்ட 'தீம்'. அதற்கு எழுந்த, எழப்போகும் ஆட்சேபணைகள்.
3. அவள் அதைக் கேட்ட காரணம். (விசாரித்து எழுத வேண்டும்.)
4. முகமூடிகள். தேவை பதினாறு: வரும் பிள்ளைகளுக்குப் பதினான்கு, மதிக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
5. ஆடிக் காற்றும் காகிதப் பொருள்களும்.
6. இந்த வேலைக்கு என் தகுதி குறித்த சந்தேகங்கள்.

ஆறாவதைப் பற்றி மட்டும் ஒரு நோட்டு எழுதலாம். இப்போதைக்கு முதல் இரண்டு.

மகன் பரிதிக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை திருச்சிக்கு வந்து ஞாயிறு கிளம்பிவிடுவான். மருமகள் வினோதினி மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். ஷிஃப்ட் மாறி மாறி வரும். நேற்று சாப்பிடும்போது, "மாமா, இந்த வருஷம் பர்த்டே வேலைய நீங்க பாத்துக்கிறீங்களா? நீங்கதான் நல்லா வரைவீங்களே" என்றாள். பொதுப்பணித் துறையில் முப்பத்தாறு வருடம் அணைகளின் மதகும் ஷட்டரும் வரைந்தவன் நான். அது வேறு, இது வேறு என்று சொல்ல நினைத்தேன். "சரிம்மா" என்றேன்.

பிறகு மதியிடம் கேட்டாள். "என்ன தீம் வேணும் பாப்பா? யூனிகார்னா, தேவதையா?"

"காக்கா."

"வெளையாடாதடி. மயில் வெச்சுக்கலாமா? கிளி?"

"காக்கா."

"யாராச்சும் காக்காவ வெச்சு பர்த்டே கொண்டாடுவாங்களா?"

"நான் கொண்டாடுவேன். ரசம் ஊத்து."

நான்காவது குறிப்புக்கு ஒரு விளக்கம்: எனக்கும் ஒரு முகமூடி ஏனென்றால், கூட்டத்தில் முகம் தெரியாமல் நிற்பது எனக்கு வசதி.

ஜூலை 3, வியாழன்

கள ஆய்வு. மதி பள்ளியிலிருந்து வந்ததும் அவளோடு தரையில் உட்கார்ந்தேன். (எழுந்திருக்க நாற்காலியின் உதவி தேவைப்பட்டது.) எப்படிப்பட்ட காக்கை வேண்டும் என்று வரைந்து காட்டச் சொன்னேன். அவள் காக்கையை வரையவில்லை. தன் யு.கே.ஜி. வகுப்பை வரைந்தாள். பிள்ளைகள், மிஸ், ஓரத்தில் அவள். எல்லோர் முகத்துக்கும் 'தோல் கலர்' என்று அவர்கள் சொல்லும் வெளிர் ரோஜா கிரேயானைத் தேய்த்தாள். தனக்கும் அதையே.

பெட்டியில் பன்னிரண்டு கிரேயான்கள். பழக்கதோஷத்தால் அளந்தேன். தோல் கலர் 21 மி.மீ. மற்ற நிறங்கள் அறுபதுக்கு மேல். கறுப்பும் பழுப்பும் 78, அதாவது கடையில் வாங்கியபடியே.

இந்த வயதில் குழந்தைகள் ஒரே நிறத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

குளியலறைச் சோப்பு தீர்ந்துவிட்டது. திங்களன்றுதான் பிரித்தோம். தண்ணீர் மாறியிருக்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

மனைவி சௌந்தரம் போனதிலிருந்து தினமும் காலையில் பால்கனிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைக்கிறேன். வரும் தையில் மூன்று வருடம். இன்று வந்த காக்கையைப் பார்த்து வரைந்தேன். சோறு தீர்ந்தால் மாடல் பறந்துவிடுகிறது. எனவே இரண்டு பிடி அதிகம் வைத்தேன். கவனித்தது: ஊர்க்காக்கை முழுக்கக் கறுப்பு அல்ல. கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். எழுபத்துநான்கு வயதில் இதை இன்றுதான் பார்த்தேன்.

முகமூடிக்கு முறையான வரைபடம் போட்டேன். முன்தோற்றம், பக்கத்தோற்றம், அலகின் குறுக்குவெட்டு. வலது கீழ் மூலையில் அலுவலகத்தில் போடும் கட்டங்கள்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். முதல் கட்டத்தில் தெ.சி. என்று போட்டேன். தெய்வசிகாமணி என்ற என் பெயரின் சுருக்கம் முப்பத்தாறு வருடமும் அந்த முதல் கட்டத்தைத் தாண்டியதில்லை.

"இந்தப் பொட்டி எதுக்கு தாத்தா?" என்று மதி மூன்றாவதைக் காட்டினாள்.

"அதுல கையெழுத்துப் போடுறவங்கதான் பெரியவங்க. அவங்க சரின்னு சொன்னாத்தான் அணை கட்டுவாங்க."

கறுப்புக் கிரேயானை எடுத்தாள். நிறைமதி என்று எழுதினாள். கட்டம் போதாமல் கடைசி எழுத்து என் பெயரின் மேல் ஏறியது.

"கட்டு" என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு மதியை வேனில் ஏற்றப் போனேன். வழக்கமாக வினோதினி போவாள். இன்று அவளுக்குக் காலை ஷிஃப்ட். கதவு திறந்ததும் உள்ளே இருந்த பிள்ளைகள் "கா, கா" என்று கத்தினார்கள். எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடி தர்ஷன் எல்லோரையும்விடச் சத்தமாக. டிரைவர், "டேய், சும்மா இருங்கடா" என்றார், சிரித்துக்கொண்டே. மதி பையை மடியில் வைத்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அழைப்பிதழ் இன்னும் கொடுக்கவில்லை. விழாவின் தீம் இவர்களுக்கு அதற்குள் எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே படியேறினேன்.

ஜூலை 9, புதன்

வினோதினியின் அக்கா ஷைலஜா சென்னையிலிருந்து போன் செய்தாள். ஸ்பீக்கரில் இருந்ததால் காதில் விழுந்தது.

"காக்காவா? என்னடி வினோ! ஆடி அமாவாச முடிஞ்சு மூணாம் நாளு. பர்த்டே வெக்கிறீங்களா, பிண்டம் வெக்கிறீங்களா?"

"பாப்பா அதத்தான் கேக்குதுக்கா."

"நாளைக்கு எருமை கேக்கும், வாங்கிக் கட்டுவியா? நான் யூனிகார்ன் செட்டு அனுப்புறேன். பிங்க் கவுன், கொம்பு, பலூன் எல்லாம் வரும். பிங்க் போட்டாலாச்சும் கொஞ்சம் பளிச்சுனு தெரிவா. பச்சப்பயறு மாவு குடுத்தேனே, தேய்க்கிறியா இல்லியா?"

வினோதினி ஸ்பீக்கரை அணைத்துவிட்டாள்.

ஷைலஜா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நல்ல நாளுக்குக் கறுப்பு ஆகாது என்பது பழைய வழக்கம். நானும் கறுப்புச் சட்டை வாங்கியதே இல்லை. அதற்குக் காரணம் வேறு.

ஜூலை 10, வியாழன்

மறுபடியும் சோப்பு.

ஜூலை 12, சனி

எழுத வெட்கமாக இருக்கிறது. தாளை மிச்சப்படுத்தப் பாதி அளவில் வரைவது அலுவலகப் பழக்கம். மூலையில் 1:2 என்று தெளிவாகப் போட்டிருந்தேன். அதை நானே மறந்தேன். ஜெராக்ஸ் கடையில் கெட்டி அட்டையில் பதினாறு பிரதி எடுத்து, காலை முழுக்க வெட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, மாடியில் காயவைத்தேன். மாலையில் மதியின் முகத்தில் வைத்துப் பார்த்தால் மூக்கை மட்டும் மறைத்தது.

ஓசூரிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்ற பரிதி கேட்டான்: "என்னப்பா இது, நெஜக் காக்காவுக்கே முகமூடியா?"

"இஞ்சினியர் சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டாங்கடா" என்றேன். மதி எழுதியிருந்த கட்டத்தைக் காட்டினேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் மகன் என் முன்னால் இப்படி வாய்விட்டுச் சிரித்துப் பல வருடங்கள் ஆகின்றன. மதி ஒரு சின்ன முகமூடியைத் தன் கரடிப் பொம்மைக்குக் கட்டினாள். கச்சிதமாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

முழு அளவில் மறுபடி வரைந்தேன். பதினாறும் வெட்டியாகிவிட்டது. அலகுகளை ஒட்டவில்லை, மடித்து ஒட்டும் விளிம்போடு தனியாக வைத்திருக்கிறேன். பிள்ளைகள் விழாவில் தாங்களே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது வினோதினியின் யோசனை. ஒட்டும் முறையை ஒன்பது படிகளாக எழுதிவிட்டேன். பாதி அளவு முகமூடிகளை நூலில் கோத்துத் தோரணமாக்குகிறோம்.

ஜூலை 15, செவ்வாய்

மதி சொல்லச் சொல்லப் பெயர்களை எழுதினேன். முதல் பெயர் தர்ஷன். பதினான்கு அழைப்பிதழ்களும் போய்விட்டன.

ஜூலை 16, புதன்

இறக்கைக்காக மதியின் கையை அளந்தேன். தோளிலிருந்து மணிக்கட்டு வரை 36 செ.மீ. முழங்கையில் நாடா பட்டதும் கையை உதறினாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. இரண்டு முழங்கையிலும்.

"எங்க விழுந்த?"

"விழல. நார் வெச்சுத் தேய்ச்சேன்."

"எந்த நார்?"

"பாத்திரம் தேய்க்கிறது." பிறகு, நான் கேட்காமலே, விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்: "மொதல்ல சோப்பு போட்டேன். போகல. பெரியம்மா மாவு போட்டேன். போகல. இன்னொரு சோப்பு முழுசாப் போட்டேன். அப்பறம் நாரு. போகவே போகாது தாத்தா. நான் தெனமும் பாத்தேன்."

ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து முடிவுக்கு வந்தவளின் குரல் அது. அழவில்லை.

"யாரு போகணும்னு சொன்னது?"

"தர்ஷன் என்னைக் காக்காங்குறான். வேன்ல எல்லாருமே சொல்றாங்க. என் பக்கத்துல ஒக்கார மாட்டாங்க." நாடாவின் முனையைச் சுருட்டி விட்டாள். "காக்கா பர்த்டேன்னா எல்லாரும் வந்துதானே ஆகணும்?"

அளவை எழுத மறந்து, பிறகு மறுபடி அளந்தேன்.

எட்டாம் தேதி நான் எழுதியது பொய். வேனில் பிள்ளைகள் ஏன் கத்தினார்கள் என்று எனக்கு அங்கேயே தெரியும். அந்தச் சத்தம் எனக்கு நான்காம் வகுப்பிலிருந்து தெரியும். வாத்தியார் வருகைப்பதிவில் என் பெயரைக் கூப்பிடும்போது பின் வரிசையிலிருந்து எழும். அலுவலகத்திலும், அவ்வளவு சத்தமாக இல்லாமல், இருந்தது. என் கல்யாணத்தன்று போட்டோக்காரர் எனக்கு மட்டும் இன்னொரு தடவை பவுடர் போடச் சொன்னார். எட்டாம் தேதி வேன் கதவருகே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பவுடர் போட்ட முகத்தோடு, ஒன்றும் சொல்லாமல் நின்றேன். என் நோட்டிலும் நான் நேர்மையாக எழுதவில்லை.

மூன்றாவது குறிப்பு முடிந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். காற்று தொடங்கிவிட்டது. மாடியில் காயப்போட்ட என் வேட்டி பக்கத்துக் குடியிருப்புக்குப் போய்விட்டது.

பதினான்கு பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து, காக்கை முகமூடியும் கொடுத்து, மதியை நடுவில் நிறுத்தப்போகிறேன். இரண்டு மணி நேரம் அவர்கள் கா கா என்று கத்தப்போகிறார்கள். வேனில் நடப்பதற்கு நானே பந்தல் போட்டுக் கொடுப்பதுபோல் ஆகாதா? யூனிகார்னே மேல் என்று முடிவு செய்தேன். மாலையில் அவளிடம் பேச்சை எடுத்தேன்.

"மதி, பெரியம்மா அனுப்புற குதிரை தீம் வெச்சுக்கலாமாடா?"

கிரேயானை நிறுத்தி என்னைப் பார்த்தாள். என் முகத்தை, பிறகு என் கையை.

"தாத்தா, ஒன்னையும் சொன்னாங்களா?"

இந்தக் கேள்வியை என்னை யாரும் கேட்டதில்லை. சௌந்தரம்கூட.

"சொன்னாங்க."

"நீ என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலை."

"சோப்பு?"

"பவுடரு."

விழுந்து விழுந்து சிரித்தாள். "பவுடரா! அது தண்ணி பட்டா போயிருமே!"

"ஆமா. தெனமும் போடணும்."

"இப்பவுமா?"

"இப்பவும்."

அதற்குமேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னாலும்தான். வினோதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப்பார்த்தாள். சிரித்து முடிந்ததும் மதி, "காக்காதான்" என்றாள். கோப்பு மூடப்பட்டது.

ஜூலை 18, வெள்ளி

வினோதினியிடம் சொன்னேன். முழங்கையைத் தான் பார்த்ததாகவும், பள்ளிச் சறுக்குமரத்தில் உரசியது என்று மதி சொன்னதை நம்பியதாகவும் சொல்லி அழுதாள். பிறகு கோபம் வந்தது.

"அந்த தர்ஷன் நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது மாமா. அவங்கம்மாவ இப்பவே போயி நான்..."

"தர்ஷன் வரலன்னா எனக்கு பர்த்டேவே வேணாம்" என்றாள் மதி, உள்ளேயிருந்து.

"ஏன்டி? அவன்தானே ஒன்னைச் சொன்னான்?"

"அதான். அவன் வரணும்."

அவள் மனதில் ஏதோ திட்டம் இருக்கிறது. வரைபடத்தை எங்களுக்குக் காட்டவில்லை. வினோதினி பயறு மாவு டப்பாவை எடுத்துக் குப்பையில் கவிழ்த்தாள். பிறகு தையல் மெஷினை இழுத்து வைத்து, கறுப்புக் கிரேப் காகிதப் பட்டைகளை ரிப்பனில் வைத்து இறக்கை தைக்க உட்கார்ந்தாள். பதினைந்து ஜோடி.

ஜூலை 21, திங்கள்

யூனிகார்ன் பெட்டி வந்தது. பிரிக்கவில்லை.

சோப்பு: பதினோராம் தேதி பிரித்தது இன்னும் இருக்கிறது.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

ஊர் முழுக்கச் சோறு. எங்கள் காக்கை பதினொரு மணிக்குத்தான் வந்தது. வந்தும் ஒரு வாய்தான் தின்றது.

கேக் கடைக்குப் போய்க் காக்கை கேக் சொன்னேன். கடைக்காரர், "பர்த்டேக்குத்தானே சார்?" என்றார். ஆமாம் என்றேன். கறுப்பு கிரீம், கழுத்தில் சாம்பல் என்று விளக்கினேன். எழுதிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி மறுபடி கேட்டார்: "கொழந்தையோட பர்த்டேக்குத்தானே சார்?"

ஜூலை 26, சனி

ஷைலஜா வந்துவிட்டாள். கூடத்தில் தோரணத்தையும் வினோதினி தைத்த கறுப்பு கவுனையும் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றாள். கவுனுக்குக் கழுத்துப்பட்டி சாம்பல் நிறம்; என் ஆலோசனை.

"மாமா, பெரியவங்க நீங்களாச்சும் சொல்லக் கூடாதா? கருப்புப் புள்ளைக்குக் கருப்பு டிரஸ் போட்டா போட்டோவுல பல்லு மட்டும்தான் தெரியும்."

மதி கரடிப் பொம்மையோடு அங்கேயேதான் இருந்தாள். வினோதினி வாய் திறக்குமுன் ஒரு குரல் கேட்டது. என்னுடையது.

"பல்லு தெரிஞ்சாப் போதும்மா. புள்ள சிரிக்குதுன்னு தெரியும்ல."

வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டேன். மூத்த பொறியாளர்கள் முன்னால் சொல்ல நினைத்து, பேருந்தில் வரும்போது மனதுக்குள் சொல்லிப்பார்த்த பதில்கள் எனக்கு நூற்றுக்கணக்கில் உண்டு. கேட்ட இடத்திலேயே சொன்ன பதில் இது ஒன்றுதான்.

பரிதி, "அப்பா!" என்றான். ஷைலஜா என்னைப் பார்த்தாள், மதியைப் பார்த்தாள். "நான் சும்மா தமாசுக்குச் சொன்னேன் மாமா" என்றாள். ஒரு நிமிடம் கழித்துத் தரையில் உட்கார்ந்து, "அந்த ரிப்பனக் குடுடி, நானும் ரெண்டு தைக்கிறேன்" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

வரிசையாக எழுத முயல்கிறேன்.

மாலை நான்கு மணி, மொட்டை மாடி. காற்றுக்காக எல்லாவற்றுக்கும் இரட்டைக் கிளிப் போட்டிருந்தேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் ஒன்பது படிச் செய்முறைத் தாள்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே பறந்துவிட்டன. யாருக்கும் அவை தேவைப்படவில்லை. பிள்ளைகள் ஒட்டுமேசையைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி அலகைத் தலைகீழாக ஒட்டினாள். ஒருவன் அலகை நெற்றியில் ஒட்டி, "இது யூனிகார்ன் காக்கா" என்றான். ஷைலஜா அதற்குக் கைதட்டினாள்.

முகமூடி ஒட்டி முடித்தவர்கள் மதியிடம் போக வேண்டும். இது அவளுடைய ஏற்பாடு. எங்களுக்கு அதுவரை தெரியாது. தண்ணீர்த் தொட்டிப் படியின் மேல் அவள் நின்றாள். கறுப்பு கவுன், சாம்பல் கழுத்து, இறக்கை. ஒவ்வொருவரும் அவள் முன் நின்று காக்கைபோலக் கத்திக் காட்ட வேண்டும். சரியாக இருந்தால்தான் இறக்கை.

"ஒனக்கு வரல. அது பூனை. மறுபடி கத்து."

"கா..."

"தொண்டையிலருந்து வரணும். இப்ப பரவால்ல. இந்தா இறக்கை."

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பயந்து பயந்து கத்திப் பழகிக்கொண்டார்கள். எந்தச் சத்தத்துக்காக நான் பத்து நாளாக நடுங்கினேனோ, அந்தச் சத்தத்துக்கு அவள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள்.

தர்ஷன் கடைசியாக வந்தான், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. முகமூடியை நேர்த்தியாக ஒட்டினான். மதி முன் போனதும் அவனுக்குக் குரல் எழவில்லை. வினோதினி என் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

"கத்து" என்றாள் மதி.

"வரல."

"வேன்ல கத்துவியே. அதே மாதிரி கத்து."

தர்ஷனின் அம்மா எங்கள் பக்கம் திரும்பினாள். "வேன்லயா? எதுக்கு?" என்றாள். வினோதினி அவளையே பார்த்தாள். அந்த அம்மாவின் முகம் மாறியது.

தர்ஷன் மெதுவாகக் கத்தினான்.

"இன்னும் சத்தமா."

கத்தினான். நல்ல குரல். பக்கத்துக் குடியிருப்பு மாடியிலிருந்து நிஜக் காக்கை ஒன்று பதில் கொடுத்தது. எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். மதியும் சிரித்தாள். "நீதான் ஃபர்ஸ்ட்" என்று அவனுக்கு இறக்கை கொடுத்தாள். அவன் அதை மாட்டிக்கொண்டு நகராமல் நின்றான்.

"ஒன் மாஸ்க் எங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். பதினைந்தாவது முகமூடி, நானே அலகு ஒட்டி வைத்தது, மேசையில் வைத்தபடியே கிடந்தது.

"எனக்கு எதுக்கு?" என்றாள் மதி. "நீங்கள்ளாம் அட்டைக் காக்கா. நான் நெஜக் காக்கா."

தர்ஷன் யோசித்தான். சுற்றிலும் பதின்மூன்று அட்டைக் காக்கைகளைப் பார்த்தான். "நானும் நெஜக் காக்கா ஆகணும்" என்றான்.

"ஆக முடியாது."

"ஆகணும்! அம்மா, நானும் நெஜம் ஆகணும்!" உதடு பிதுங்கி அழுதேவிட்டான். அவன் அம்மா அவனருகே குந்தி, "மொதல்ல அவகிட்ட சாரி சொல்லு. அப்பறம் கேளு" என்றாள். அவன் அழுகையோடு சொன்னான். மதி யோசித்தாள். "நெஜம் ஆக முடியாது. ஆனா நீ என் பக்கத்துல பறக்கலாம்" என்றாள்.

அப்போது காற்று ஒரு பெரிய வீச்சாக வந்தது. நான் தோரணத்தைப் பிடிக்க ஓடினேன். ஆனால் இறக்கைகள்! கிரேப் பட்டைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து விரிந்து படபடத்தன. எந்த வரைபடத்திலும் நான் யோசிக்காத ஒன்று. பதினைந்து பிள்ளைகளும் கைகளை நீட்டிக்கொண்டு காற்றுக்கு எதிராக ஓடினார்கள், மதி முன்னால். அந்தக் கூட்டத்தில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரு முகம் மட்டும்தான் முகமாகத் தெரிந்தது.

கொடிக்கயிற்றில் வடைகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வ வேண்டும். ஐந்து நிமிடம் ஒழுங்காக நடந்தது. பிறகு நிஜக் காக்கைகள் வந்தன. முதல் காக்கை தர்ஷனின் வடையை அவன் வாய்க்கு நாலு விரல் முன்னால் பிடுங்கியது. இரண்டாவது, ஷைலஜா கையிலிருந்த தட்டில் இறங்கியது. அவள் போட்ட கூச்சலில் மூன்றாவது ஓடிப்போனது. மதி மட்டும் அசையாமல் நின்று, "எங்க சொந்தக்காரங்க. அவங்களையும் நான் கூப்பிட்டேன்" என்றாள்.

நான் இதையெல்லாம் தொட்டி ஓரமாக, என் முகமூடியைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். மதி கூட்டத்தை விட்டு வெளியே வந்தாள். என் முன்னால் நின்று, குனியச் சொல்லிச் சைகை காட்டினாள். குனிந்தேன். என் காதின் பின்னாலிருந்த எலாஸ்டிக்கைக் கழற்றினாள்.

"ஒனக்கும் வேணாம் தாத்தா" என்றாள். "நீயும் நெஜம்."

கையைப் பிடித்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். காலையிலிருந்து வேலை அவசரத்தில் பவுடர் போட மறந்திருந்தேன். அதை அப்போதுதான் உணர்ந்தேன். போய்ப் போட்டுக்கொண்டு வர நேரமில்லை. வேண்டியிருக்கவும் இல்லை.

கேக் வெட்டினோம். நிறம் நன்றாக வந்திருந்தது. கழுத்துச் சாம்பலும்.

போகும்முன் ஷைலஜா போனை நீட்டினாள். "பாருங்க மாமா." போட்டோவில் முன்னும் பின்னும் கறுப்பு அட்டை முகங்கள். நடுவில் நாங்கள் இருவர். அவள் சொன்னது சரிதான். பல் நன்றாகத் தெரிகிறது. இருவருக்கும்.

ஜூலை 28, திங்கள்

காலையில் மதியை வேனில் ஏற்றினேன். வினோதினிக்கு இன்று காலை ஷிஃப்ட் இல்லை. அந்த வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கதவு திறந்ததும் உள்ளே "கா! கா!" என்று சத்தம். மதி படியில் நின்று, இடுப்பில் கைவைத்து, "தொண்டையிலருந்து!" என்றாள். பிறகு அவளும் கத்தினாள். தர்ஷன் நகர்ந்து இடம் விட்டான். அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் காத்திருந்தாள். தெருவில் பால்காரர் இருந்தார், எதிர்வீட்டு வக்கீல் இருந்தார். நானும் ஒருமுறை கத்தினேன்.

கிரேயான்கள்: தோல் கலர் 19 மி.மீ. கறுப்பு 34.

இந்த நோட்டை முடிக்குமுன் முதல் பக்கப் பொருளடக்கத்தைச் சரிபார்த்தேன். ஐந்து குறிப்புகள் சரி. நான்காவது தவறு. முகமூடி பதினாறு தேவை என்று எழுதியிருந்தேன். பதினான்கே போதுமானதாக இருந்தது.